பி வைட்டமின்களும் நாள்பட்ட நோய் அறிகுறிகளும்: பொருநைக்கரை முதல் குன்னூர் வரை – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

• வைட்டமின்: உடல் தானே போதிய அளவு உண்டாக்க இயலாத, மிகச் சிறு அளவில் தேவைப்படும் கரிமச் சேர்மம்.
• பி கூட்டு வைட்டமின்கள்: மொத்தம் 8. பி1 தயமின், பி2 ரைபோஃபிளேவின், பி3 நியாசின், பி5 பான்டோதெனிக் அமிலம், பி6 பைரிடாக்சின், பி7 பயோட்டின், பி9 ஃபோலிக் அமிலம், பி12 கோபாலமின்.
• இன்றைய பட்டியலில் இல்லாத எண்கள்: 4, 8, 10, 11. வைட்டமின் அல்ல என்று பின்னர் கண்டறியப்பட்டதால் நீக்கம்.
• எட்டும் நீரில் கரைபவை. உடலில் நீண்டகாலம் சேமிக்கப்படுவது பி12 மட்டும், சேமிப்பிடம் கல்லீரல்.
• பொதுப்பணி: துணைநொதி. சத்து மாத்திரை நேரடியாக ஆற்றல் தருவதில்லை. உணவிலிருந்து ஆற்றல் பிரியும் வினைகளுக்குத் துணை மட்டுமே.
• இருப்புக் காலம்: பி1 – 2 முதல் 3 வாரம், ஃபோலேட் – சில மாதங்கள், பி12 – பல ஆண்டுகள். இந்த ஒரு வரிசை தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை.

ஏரல்: இடக்குறிப்பு

• இக்குறிப்புகளில் வரும் உணவுக்கும் நோயாளி பேச்சுக்கும் களம். தூத்துக்குடி மாவட்டம், பேரூராட்சி, வட்டத் தலைமையிடம், தாமிரபரணிக் கரை.
• தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிப்பு: 20 அக்டோபர் 1986. தொடக்கப் பெயர்: சிதம்பரனார் மாவட்டம்.
• தாமிரபரணியின் சங்ககாலப் பெயர் பொருநை. தோற்றம் பொதிகை மலை. கடலில் கலக்குமிடம் புன்னைக்காயல், மன்னார் வளைகுடா.
• ஆற்றின் அணைக்கட்டுகள் 8. கடைசி அணைக்கட்டு திருவைகுண்டம். ஏரல் அதற்கும் கீழ்ப்புறம்.
• நெற்பருவங்கள்: கார், பிசானம், முன்கார்.
• அருகமை ஊர்களும் புகழும்: சிவகளை (நெல், இரும்பு அகழாய்வு), ஆதிச்சநல்லூர் (முதுமக்கள் தாழி), ஆத்தூர் (வெற்றிலை, புவிசார் குறியீடு 2023).
• சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம்: கி.மு. 1155. ஆய்வகம்: பீட்டா அனலிட்டிக், அமெரிக்கா. சட்டமன்ற அறிவிப்பு: 9 செப்டம்பர் 2021.
• பெருவெள்ளம்: 17–18 டிசம்பர் 2023. காயல்பட்டினத்தில் 24 மணி நேர மழை சுமார் 95 செ.மீ. ஏரல் பாலம் சேதம்; போக்குவரத்துத் துண்டிப்பு.
• வெள்ளக்கால மருந்துத் தொடர்ச்சி: பி12 மாத்திரை சில நாள் தவறினால் கேடு இல்லை, கல்லீரல் இருப்பு தாங்கும். இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை தவறலாகாதவை. முகாம் மருந்துப் பெட்டியில் முன்னுரிமை இவற்றுக்கே.

நெல்லும் பி1-உம்

• தயமின் இருப்பிடம்: நெல்மணியின் தவிட்டடுக்கும் முளையும். ஆலையில் தீட்டும்போது இழப்பு.
• புழுக்கும் முறை: நெல்லை ஊறவைத்தல், ஆவியில் அவித்தல், உலர்த்தல், பின்னர் அரைத்தல். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலுள்ள தயமின் மணியின் உட்பகுதிக்கு நகர்வு. பிறகு தவிடு போனாலும் பெரும்பகுதி அரிசியிலேயே.
• 100 கிராமில் தயமின், இந்திய உணவு அட்டவணை (கோபாலன், ராமசாஸ்திரி, பாலசுப்பிரமணியன்):
 – ஆலைப் பச்சரிசி 0.06 மி.கி.
 – கைக்குத்தல் பச்சரிசி 0.21 மி.கி.
 – ஆலைப் புழுங்கலரிசி 0.21 மி.கி.
 – கைக்குத்தல் புழுங்கலரிசி 0.27 மி.கி.
 – அரிசித் தவிடு 2.70 மி.கி.
 – உளுந்தம்பருப்பு 0.42 மி.கி.
• நினைவில் நிற்கவேண்டியது: ஆலையில் அரைத்த புழுங்கலரிசியும் கையால் குத்திய பச்சரிசியும் சமம். ஆலை வந்த பின்னும் தமிழ் மாவட்டங்களைக் காத்தது நெல் அவித்த அண்டா. எந்த அரசாணையும் இன்றி, எந்த ஆய்வகமும் சொல்லாமல், வீட்டுப் பெண்கள் செய்த வேலை. பாடநூலில் ஒரு தனிப் பத்தி பெறத் தகுதியுடையது.
• தயமின் குறைநோய்: பெரிபெரி. உலர் வகை – நரம்பு. ஈர வகை – இதயம், வீக்கம். குழந்தை வகை – தாய்ப்பால் வழி.
• சென்னை மாகாணத்தில் பெரிபெரி நிலைகொண்ட பகுதி: வட சர்க்கார், ஆலைப் பச்சரிசி உண்ட மாவட்டங்கள். தெற்கே, புழுங்கலரிசிப் பகுதியில் அரிது.
• மூளை பாதிப்பு: வெர்னிக்கே நோய் (1881), கோர்சகோஃப் நோய் (1887). இன்றைய முதன்மைக் காரணம்: நாள்பட்ட மதுப்பழக்கம். மதுநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி என்பது விதி.
• தயமின் எதிரிகள்: பச்சை மீனிலுள்ள தயமினேஸ் நொதி, தேநீரிலும் பாக்கிலும் உள்ள டேனின். வெற்றிலை குற்றமற்றது, கவனிக்கவேண்டியது பாக்கு.
• சமையல் இழப்பு: அரிசியைப் பலமுறை களைதல், சோறு வடித்த கஞ்சியைக் கொட்டுதல்.

பொருநைக்கரை உணவில் பி வைட்டமின்கள்

• உளுந்தங்களி, உளுந்தம்பருப்புச் சோறு: பி1, ஃபோலேட்.
• வாழைப்பழம்: பி6.
• நிலக்கடலை: நியாசின், பயோட்டின்.
• முருங்கைக்கீரை: ஃபோலேட், ரைபோஃபிளேவின்.
• பால், மோர்: ரைபோஃபிளேவின், ஓரளவு பி12.
• மீன், கருவாடு, முட்டை, ஆட்டு ஈரல்: பி12.
• பழைய சோறு: செரிமானத்துக்கு நல்லது, பி12-க்கு நம்பத்தக்க மூலம் அன்று. அதை நம்பி பி12 ஊசியை நிறுத்துவது ஆபத்து.

குன்னூர்

• பாஸ்டர் நிலையம், குன்னூர்: 1907.
• பெரிபெரி விசாரணைப் பிரிவு: 1918, அந்நிலையத்தின் ஓர் அறையில். நிறுவியவர் ராபர்ட் மெக்கரிசன்.
• மெக்கரிசன்–நாரிஸ் ஆய்வு, 1924: இந்தியாவில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு.
• பெயர் மாற்றங்கள்: குறைநோய் விசாரணை 1925, ஊட்டச்சத்து ஆய்வகங்கள் 1928.
• மெக்கரிசனுக்குப் பின் இயக்குநர்: வாலஸ் அய்க்ராய்டு, 1935 முதல். இந்திய உணவுகளின் சத்து மதிப்பு அட்டவணை, முதல் பதிப்பு 1937.
• ஐதராபாத்துக்கு இடமாற்றம் 1958. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் 1969.

வில்லியம்ஸ் சகோதரர்கள்

• ராபர்ட் ஆர். வில்லியம்ஸ்: பிறப்பு 1886, நெல்லூர், அன்றைய சென்னை மாகாணம். பெற்றோர் பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்கள். மணிலாவில் 1910-இல் தவிட்டுச் சாறு ஆய்வு தொடக்கம். தயமின் செயற்கைத் தொகுப்பு 1936.
• ரோஜர் ஜே. வில்லியம்ஸ்: பிறப்பு 1893, உதகமண்டலம். பான்டோதெனிக் அமிலம் கண்டறிவு 1933. ஃபோலிக் அமிலத்துக்குப் பெயரிட்ட குழுவில் ஒருவர், 1941; மூலப்பொருள் 4 டன் பசலைக்கீரை.
• ஒரே குடும்பத்தில் பிறந்த இருவர், இரு பி வைட்டமின்கள், இருவரின் பிறப்பிடமும் சென்னை மாகாணம். போட்டித் தேர்வு நூல்களில் ஏனோ விடுபடும் செய்தி.

லூசி வில்ஸ்

• ஆங்கிலேய மருத்துவர்; 1888–1964.
• இந்தியா வருகை 1928, பம்பாய். ஆய்வுப் பொருள்: கருவுற்ற நெசவாலைப் பெண் தொழிலாளரின் பெருஞ்செல் இரத்தசோகை.
• 1929-இல் குன்னூர். 1931-இல் சென்னை, கோஷா மருத்துவமனை. இன்றைய பெயர்: கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, திருவல்லிக்கேணி.
• மருந்து: மார்மைட் எனும் ஈஸ்ட் சாறு. முதலில் குரங்கில் பலன், பின்னர் தாய்மாரிடம். வெளியீடு 1931.
• அறியப்படாத அச்சத்துக்குப் பெயர்: வில்ஸ் காரணி. பின்னாளில் ஃபோலிக் அமிலம் என அடையாளம்.
• சிறப்பு: மாத்திரை பிறக்குமுன்பே ஏழைத் தாய்மார் உடலில் பலன் கண்ட பி வைட்டமின் சிகிச்சை.

எல்லாப்பிரகத சுப்பாராவ்

• பிறப்பு: 12 ஜனவரி 1895, பீமவரம், சென்னை மாகாணம். இறப்பு: ஆகஸ்ட் 1948, நியூயார்க்.
• பள்ளி இறுதித் தேர்ச்சி: இந்து உயர்நிலைப் பள்ளி, திருவல்லிக்கேணி, மூன்றாவது முயற்சியில். பின்னர் மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி.
• கதர் அணிந்ததால் அறுவைப் பேராசிரியரின் அதிருப்தி; எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டம்.
• உடன்பிறந்தவரைப் பறித்த நோய்: வெப்பமண்டல ஸ்ப்ரூ. சிறுகுடலின் உறிஞ்சுதிறன் கெடுதல், ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, மெலிவு.
• சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளர். அமெரிக்கா பயணம் 1922, ஹார்வர்டு.
• ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை, 1925: பாஸ்பரஸ் அளவிடல். இன்றும் உயிர்வேதியியல் ஆய்வகப் பாடம்.
• பாஸ்போகிரியேட்டின் 1927, ஏ.டி.பி. 1929.
• லெடர்லே ஆய்வகம், 1940 முதல். இவர் தலைமையிலான குழுவின் ஃபோலிக் அமிலத் தொகுப்பு: 1945.
• அதே ஃபோலிக் அமிலத்தால் வெப்பமண்டல ஸ்ப்ரூவின் இரத்தசோகைக்குத் தீர்வு. தன் வீட்டில் நுழைந்த நோய்க்குத் தன் கைவழியே மருந்து. இக்குறிப்புகளிலுள்ள அனுபவங்களில் தலையாயது.
• ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின்: குழந்தை இரத்தப் புற்றுக்குச் சிட்னி ஃபார்பர் பயன்படுத்தியது, 1947–48. அதன் வழிவந்தது மெத்தோட்ரெக்சேட்.
• குழுவின் பிற மருந்துகள்: டைஎத்தில்கார்பமசீன் (யானைக்கால்), ஆரியோமைசின் (பெஞ்சமின் டக்கர், 1948).
• நோபல் பரிசு: இல்லை. இந்திய அஞ்சல்தலை: 1995.
• மெத்தோட்ரெக்சேட் உண்ணும் முடக்குவாத நோயாளிக்கு ஃபோலிக் அமிலமும் எழுதப்படுதல் வழக்கம். காரணம்: அதுவும் அமினோப்டெரின்போல் ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுப்பது.

உள்ளங்கால் எரிச்சல்: கிரியர்சன்–கோபாலன் நோய்க்குறித்தொகுதி

• முதல் விவரிப்பு: கிரியர்சன், 1826; பர்மாவில் இந்தியப் படைவீரர்களிடம்.
• சி. கோபாலன்: பிறப்பு 1918, சேலம், இறப்பு 2019, நூறு வயது நிறைவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவன இயக்குநர்; இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளை நிறுவனர், 1980. பத்ம பூஷண் 2003.
• கோபாலன் கட்டுரை, 1946, இந்தியன் மெடிக்கல் கெசட்: எரியும் பாதம், வியர்வை, இரவில் மிகுதல், பான்டோதெனிக் அமிலத்தால் குணம்.
• இவரது மற்றொரு ஆய்வு: தக்காணத்தில் சோளம் உண்போரின் பெலக்ரா (நியாசின் குறைநோய்); லூசின் மிகுதிக் கருதுகோள்.
• பெலக்ரா முக்குறி: தோலழற்சி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். கழுத்தைச் சுற்றிய கருமை: கசால் கழுத்தணி.
• எச்சரிக்கை: 1946-இன் எரியும் பாதம் பட்டினியின் பாதம். இன்று ஏரலில் எரியும் பாதத்துக்கு முதல் சந்தேகம் நீரிழிவு, இரண்டாவது பி12 குறைவு, மூன்றாவது மது. பான்டோதெனிக் அமிலக் குறைவு மிக அரிது.

ஏரல் பேச்சும் பாடநூல் சொல்லும்

• ‘உள்ளங்காலு எரியுது’ – புற நரம்பு நோய், உணர்வு நரம்பு வகை.
• ‘காலு மதமதன்னு இருக்கு’ – உணர்வுக் குறைவு.
• ‘செருப்பு கழன்டதே தெரியல’ – நிலையுணர்வு இழப்பு. மேற்கண்ட இரண்டைவிடக் கடுமையான அறிகுறி. ஆனால் வலி இல்லாததால் கடைசியில் சொல்லப்படுவது.
• ‘எறும்பு ஊருது’ – பிறழ் உணர்வு.
• ‘கிறுகிறுன்னு வருது, மூச்சு வாங்குது’ – இரத்தசோகை.
• ‘நாக்கு வழுவழுன்னு சிவந்துபோச்சு, காரம் ஆகல’ – நாவழற்சி. பி12, ஃபோலேட், ரைபோஃபிளேவின் மூன்றிலும்.
• ‘கடவாய் வெடிச்சிருக்கு’ – வாய்க்கோண அழற்சி, ரைபோஃபிளேவின், இரும்பு.
• ‘மறதி, சிடுசிடுப்பு’ – பி12 குறைவின் மனவெளிப்பாடு. முதுமை என்று ஒதுக்கப்படுவது.
• படித்துறைக் குறி: ஆற்றில் முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாட்டம். பாடநூலில் ரோம்பர்க் சோதனை. கால் எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் தண்டுவடப் பின்தூண் பழுது. கண் திறந்திருக்கும்வரை பார்வை ஈடுகட்டும்.
• பரிசோதனைக் கருவிகள்: 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, கால் பெருவிரல் எலும்பின்மேல், 10 கிராம் நைலான் இழை, பாதத்தின் அழுத்தப் புள்ளிகளில். இரண்டும் மலிவு, ஒருவருக்குச் சில நிமிடமே.
• மெடிக்கல் கடை வழக்கு: ‘அண்ணாச்சி, அந்தச் செவப்பு மாத்திர ஒரு அட்ட.’ சிவப்பு: மெத்தில்கோபாலமின். சிவப்பின் காரணம் கோபாலமின் மூலக்கூறின் நடுவிலுள்ள கோபால்ட்.
• ‘சத்து ஊசி’: பெரும்பாலும் பி12 தனியாகவோ, பி1, பி6 சேர்ந்தோ. செந்நிற நீர்மம், ஒளிபடாக் குப்பி, தசையில் போடுவது.
• ‘மாத்திர போட்டா மூத்திரம் மஞ்சளாப் போகுது’ – ரைபோஃபிளேவின். மஞ்சள் காமாலை அன்று. பயந்து மாத்திரையை நிறுத்துவோர் உண்டு, தேவையற்ற அச்சம்.
• ‘ஊசி போட்ட அன்னைக்கே தெம்பு’ – மருந்தியல்படி ஒரே நாளில் இரத்தம் ஊறாது. இளஞ்சிவப்பணு எழுச்சி ஏறத்தாழ ஒரு வாரத்தில். இரத்தசோகை சீராக ஓரிரு மாதம். நரம்பு மீள மாதக்கணக்கு, தாமதித்தால் மீளாமலும் போகும். அன்றே வந்த தெம்பு மனநிறைவு. அதை இகழ வேண்டியதில்லை, நோய் தீர்ந்ததாகக் கொள்ளவும் கூடாது.

பி12: கோபாலமின்

• உலோகம் கொண்ட ஒரே வைட்டமின்; வைட்டமின்களில் மிகப் பெரிய மூலக்கூறு.
• உண்டாக்குவோர்: பாக்டீரியா, ஆர்க்கியா மட்டும். தாவரத்தில் இல்லை.
• உறிஞ்சும் வழி: இரைப்பை அமிலம் உணவிலிருந்து பிரித்தல், இரைப்பைச் சுவர்செல் சுரக்கும் அகக்காரணியுடன் பிணைதல், சிறுகுடலின் கடைப்பகுதியில் உட்கொள்ளல்.
• அகக்காரணி கண்டறிவு: வில்லியம் கேசில், 1929.
• அகக்காரணி இன்றியும் சுமார் 1 விழுக்காடு தானே ஊடுருவும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை பலருக்கு ஊசிக்கு ஈடாவதற்கு இதுவே காரணம்.
• நாளொன்றுக்குத் தேவை: 2.4 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை.
• குறைவு: பொதுவாக இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழ். ஐயமிருப்பின் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் அளவுகளும் சோதனை.
• மனித உடலில் பி12 சார்ந்த நொதிகள் இரண்டே.
• தனித்தெடுப்பு 1948: மெர்க் குழு, கிளாக்ஸோ குழு, தனித்தனியே. கட்டமைப்பு: டோரதி ஹாட்ஜ்கின், 1956. முழுத் தொகுப்பு: உட்வர்டு, எஷென்மோசர், 1970-களின் தொடக்கம்.
• வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி: எம்.ஜே. ஆல்பர்ட், வி.ஐ. மாத்தன், எஸ்.ஜே. பேக்கர், 1980, நேச்சர் இதழ். மனிதச் சிறுகுடல் பாக்டீரியாக்கள் பி12 உண்டாக்கும் என்ற கண்டறிவு.
• மறைத்தல் விளைவு: பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் இரத்தசோகை சீராகும், நரம்புச் சேதம் தொடரும். அடிக்கடி கேட்கப்படுவது; அடிக்கடி தவறவிடப்படுவது.

மெட்ஃபார்மினும் பி12-உம்

• மெட்ஃபார்மின்: 2-ஆம் வகை நீரிழிவின் முதல்வரிசை மாத்திரை. மனிதரில் பயன்பாடு: ஜீன் ஸ்டெர்ன், பிரான்ஸ், 1957. அமெரிக்க ஒப்புதல்: 1994.
• நீரிழிவு பரவல், ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) ஆய்வு (வெளியீடு 2023): இந்தியா 11.4%, தமிழ்நாடு 14.4%.
• பக்கவிளைவு: சிறுகுடல் கடைப்பகுதியில் கால்சியம் சார்ந்த பி12 உட்கொள்ளல் தடைபடல். அளவு கூடக்கூட, ஆண்டு கூடக்கூட அபாயம் மிகும்.
• ஏன் தாமதம்: கல்லீரல் இருப்பு 2 முதல் 5 மி.கி.; தீர்வதற்குச் சில ஆண்டுகள். மாத்திரை தொடங்கிய ஆண்டில் எடுத்த அறிக்கையை வைத்து ஐந்தாம் ஆண்டில் நிம்மதி கொள்ளலாகாது.
• அபாயம் கூட்டுபவை: புலால் உண்ணாமை, முதுமை, இரைப்பைப் புண் மாத்திரைகளின் நீண்ட பயன்பாடு, குடல் அறுவை.
• இக்கட்டு: நீரிழிவு நரம்பு நோயும் பி12 நரம்பு நோயும் பாதத்தில் ஒரே முகம் காட்டுபவை. எரிச்சல், மதமதப்பு, இரவு உளைச்சல் இரண்டிலும். ‘சர்க்கரை இருந்தால் கால் எரியத்தான் செய்யும்’ என்ற ஒரே வாக்கியத்தில் குணமாகக்கூடிய நோயும் புதையும்.
• பிரித்தறிய: பி12 அளவு, இரத்த அணுப் படலம், இசைக்கவை. சிவப்பணு சராசரிப் பருமன் 100 ஃபெம்டோலிட்டருக்கு மேல் என்றால் துப்பு. ஆனால் இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் பருமன் இயல்பாகவே தோன்றும்.
• நோயாளி அனுபவங்களின் முரண் இங்கேயே விளக்கம்: ஒருவருக்குச் சிவப்பு மாத்திரையால் எரிச்சல் அடங்கல், பக்கத்து வீட்டாருக்கு அதே மாத்திரையால் பலனில்லை. முன்னவருக்குக் குறைவு இருந்தது. பின்னவருக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை. மருந்து ஒன்று, காரணம் வேறு.
• பரிந்துரை: மெட்ஃபார்மின் தொடர்வோருக்கு, குறிப்பாக இரத்தசோகையோ நரம்பு அறிகுறியோ இருப்பின், காலமுறைப் பி12 பரிசோதனை, அமெரிக்க நீரிழிவுச் சங்கம்.
• மெட்ஃபார்மினைத் தானே நிறுத்துதல் கூடாது. பி12 சேர்த்தலே வழி.

காசநோயும் பி6-உம்

• காசநோய் மருந்து ஐசோனியாசிட் உடலிலுள்ள பைரிடாக்சினைக் குறைக்கும். விளைவு புற நரம்பு நோய்.
• சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம்: 1956. இன்றைய பெயர்: தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டு.
• புகழ்பெற்ற முடிவு, 1959: வீட்டிலிருந்தே காசநோய்ச் சிகிச்சை பயன் தரும்.
• 1963, உலக சுகாதார நிறுவன இதழ்: ஐசோனியாசிட் நரம்பு நச்சுத் தடுப்பு ஆய்வு. காப்பாற்றியது பைரிடாக்சின், நாளுக்கு 6 மி.கி. போன்ற சிறு அளவே போதுமானது.
• பாடம்: பி வைட்டமின்களில் எது என்று பிரித்துக் கேட்ட ஆய்வு. சத்து மாத்திரை எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்துக்குச் சென்னையிலிருந்தே அறுபது ஆண்டுக்கு முன் கிடைத்த மறுப்பு.

பலனற்ற, கேடான இடங்கள்

• ஹோமோசிஸ்டீன் ஆய்வுகள், 2006: ஹோப்–2 (5,522 பேர்), நார்விட் (3,749 பேர்). பி வைட்டமின்களால் ஹோமோசிஸ்டீன் குறைந்தது, ஆனால் மாரடைப்பு குறையவில்லை.
• டிவைன் ஆய்வு, 2010, 238 பேர்: நீரிழிவுச் சிறுநீரக நோயருக்கு உயர் அளவு பி6, பி9, பி12. சிறுநீரகச் செயல் இன்னும் விரைவாகச் சரிவு. சிறுநீரகம் பழுதானவர் சத்து மாத்திரையைத் தானே கூட்டிக்கொள்ளக் கூடாததற்குச் சான்று.
• பி6 மிகை: ஷாம்பர்க், 1983, நாளுக்கு 2 முதல் 6 கிராம் உண்ட 7 பேருக்கு உணர்வு நரம்பு நோய். நரம்புக்கு என்று விழுங்கியதே நரம்பைக் கெடுத்தது.
• பி6 மேல்வரம்பு, நாளுக்கு: அமெரிக்கா 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 12 மி.கி. (2023).
• நியாசின் மிகை: முகச் சிவப்பு, எரிச்சல், கல்லீரல் பாதிப்பு.
• பயோட்டின்: தைராய்டு, டிரோப்போனின் பரிசோதனைகளில் தவறான முடிவு, அமெரிக்க எச்சரிக்கை 2017. முடிக்காக உண்ணும் மாத்திரை மாரடைப்பு அறிக்கையைப் பொய்யாக்கும்.
• காரணம் தெரியாத நாள்பட்ட அசதி: குறைவு இல்லாதவருக்குப் பி வைட்டமின் பலன் உறுதிப்படவில்லை. முதலில் தேடவேண்டியவை: இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு.

அரசுத் திட்டங்களும் அளவுகளும்

• தேசிய குடும்பநல ஆய்வு–5 (2019–21): 15–49 வயதுப் பெண்களில் இரத்தசோகை, தமிழ்நாடு 53.4%, இந்தியா 57.0%.
• விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு (2016–18), பி12 குறைவு: பள்ளிமுன் வயது 14%, பள்ளி வயது 17%, வளரிளம் பருவம் 31%. ஃபோலேட் குறைவு: 23%, 28%, 37%.
• இரத்தசோகை இல்லா இந்தியா: 2018. கர்ப்பிணிக்குச் சிவப்பு மாத்திரை: இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வளரிளம் பருவத்துக்கு நீல மாத்திரை, வாரம் ஒன்று.
• நரம்புக்குழல் குறைபாடு தடுப்பு: பிரிட்டன் ஆய்வு, 1991, முன்பு பாதிப்புற்ற தாய்மாரிடம் 4 மி.கி. ஃபோலிக் அமிலத்தால் 72% குறைவு. தொடங்கவேண்டிய காலம் கருவுறுமுன்.
• செறிவூட்டிய அரிசி: பிரதமர் அறிவிப்பு 15 ஆகஸ்ட் 2021. கலப்பு 100-க்கு 1. கிலோவுக்கு: இரும்பு 28–42.5 மி.கி., ஃபோலிக் அமிலம் 75–125 மைக்ரோகிராம், பி12 0.75–1.25 மைக்ரோகிராம். தமிழ்நாட்டு முன்னோடி மாவட்டம்: திருச்சிராப்பள்ளி.
• ரேஷன் அரிசியில் மிதக்கும் மணியைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிதல்: எறிவது சத்து மணியை. அரிசிமாவோடு இரும்பு, பி9, பி12 சேர்த்து வார்த்த மணி அது.
• மக்களைத் தேடி மருத்துவம்: தொடக்கம் 5 ஆகஸ்ட் 2021, சாமனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுவாசலுக்கு.

நோபல் வரிசை

• 1929 – ஐக்மன் (ஜாவா, தீட்டிய அரிசி உண்ட கோழிகள்), ஹாப்கின்ஸ்.
• 1934 – விப்பிள், மைனாட், மர்ஃபி. ஈரல் உணவால் கொடிய இரத்தசோகைக்குத் தீர்வு.
• 1937 – பால் கேரர். 1938 – ரிச்சர்டு கூன். இருவரும் ரைபோஃபிளேவின் ஆய்வு உட்பட.
• 1964 – டோரதி ஹாட்ஜ்கின். பி12 கட்டமைப்பு உட்பட.
• பெறாதோர்: காசிமிர் ஃபங்க் (வைட்டமின் எனப் பெயரிட்டவர், 1912), சுசுகி (தவிட்டுச் சத்தைப் பிரித்தவர், 1910), லூசி வில்ஸ், சுப்பாராவ்.

குழப்பும் இணைகள்

• பெரிபெரி – பி1. பெலக்ரா – பி3.
• அகக்காரணி – கேசில். வில்ஸ் காரணி – ஃபோலேட்.
• ஐசோனியாசிட் – பி6. மெட்ஃபார்மின் – பி12. மெத்தோட்ரெக்சேட் – பி9. மது – பி1.
• மஞ்சள் சிறுநீர் – பி2. சிவப்பு ஊசி – பி12.
• நெல்லூர் – ராபர்ட். உதகை – ரோஜர்.

நிறைவேற வேண்டியவை

• மெட்ஃபார்மின் வீடு தேடி வருவோரின் அட்டையில் பி12 அளவுக்கு ஒரு கட்டம். ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பல்.
• ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் 10 கிராம் இழையும்; செருப்பு கழன்றது தெரியாதவர் பாதத்தில் முதலில் வைக்கவேண்டியவை இவ்விரண்டே, ஊசி அதற்கு அடுத்தது.